மாட்டாஸ்பத்திரியில் பூனைக்கும் ஒரு நாள் ஒதுக்குங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பூனைத் தொல்லை பற்றித் தங்கள் நாளிதழில் வாசகர் ஒருவர் எழுதியிருந்த கடிதத்தைப் படித்தேன். தெருவில் பூனைகள் பெருகிவிட்டன, ராத்திரியெல்லாம் மதில் மேல் கத்துகின்றன, வண்டி சீட்டைக் கிழிக்கின்றன, நகராட்சி இவற்றைப் பிடித்துக் கொண்டுபோய் மலைக்காட்டில் விட வேண்டும் என்பது அவர் கோரிக்கை. அவர் சொல்லும் தொல்லை உண்மைதான். ஆனால் அந்தப் பூனைகள் மலையிலிருந்து இறங்கி வந்தவை அல்ல. யாரோ ஒரு வீட்டில் சோறு போட்டு வளர்த்த பூனை போட்ட குட்டிகள், அந்தக் குட்டிகள் போட்ட குட்டிகள். மலையில் விட்டால் நாலு நாளில் பட்டினியில் சாகும், இல்லாவிட்டால் நாய் நரி வாயில் போகும். காலியான இடத்துக்கு அடுத்த தெருப் பூனை வந்து உட்காரும். கோழிக்கடைக் கழிவு கிடக்கும் வரை அது வந்துகொண்டேதான் இருக்கும்.

நான் கால்நடை பராமரிப்புத் துறையில் உதவியாளராக இருந்து ஓய்வு பெற்றவன். டாக்டர் அல்ல. ஊசி போடுகிறவர் டாக்டர், அவர் போட்டு முடிக்கிற வரை பிடித்துக்கொண்டு நிற்பவன் நான். காங்கேயம் காளை கொம்பால் தட்டிய தழும்பு தொடையில் ஒன்று இருக்கிறது. முழங்கைக்குக் கீழே இருப்பதெல்லாம் பூனைகள் போட்ட கையெழுத்து. அந்த உரிமையில்தான் இதை எழுதுகிறேன்.

மாட்டுக்குக் கோமாரி ஊசி எப்போது என்று எங்கள் பக்கத்துப் பெண்களுக்கு யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை. ஆட்டுக்குக் குடற்புழு மருந்து, கோழிக்கு வெள்ளைக்கழிச்சல் மருந்து எல்லாம் நாள் தப்பாது. அதே கட்டுத்தரையில் சுருண்டு படுத்திருக்கும் பூனைக்கு என்ன செய்கிறீர்கள் என்று கேட்டால் சிரிப்பார்கள். "பூனைக்கு என்னங்க, அது பாட்டுக்குத் திரியும், எலியப் புடிச்சுத் தின்னுக்கும்." மாடு பால் கறக்கிறது, ஆடு சந்தைக்குப் போகிறது, பூனையால் காசு இல்லை என்பதுதான் உள்ளே ஓடும் கணக்கு. மஞ்சள் மூட்டையையும் சோள மூட்டையையும் எலி ஓட்டை போடாமல் காக்கிறதே, அதை எந்த நோட்டில் வரவு வைத்தார்கள் என்று தெரியவில்லை. பூனை தன்னைத்தானே பார்த்துக்கொள்ளும் என்கிற இந்த ஒரு நினைப்புதான் வீட்டுக்குள் பூனையைச் சாகடிக்கிறது, தெருவில் பூனையைப் பெருக்குகிறது. ரெண்டுக்கும் வேர் ஒன்றே.

சோற்றிலிருந்து ஆரம்பிக்கிறேன். பெரும்பாலான வீடுகளில் பால் சோறு, தயிர்ச் சோறு, மிச்சமிருந்தால் குழம்புச் சோறு. பூனை அதைத் தின்னத்தான் செய்யும், பசித்தால் எது வைத்தாலும் தின்னும். ஆனால் அது இறைச்சி தின்று பிழைக்கும் பிராணி. நாயாவது களியும் கூழும் தின்று சமாளித்துக்கொள்ளும், பூனையால் ஆகாது. டாரின் என்று ஒரு சத்து இறைச்சியிலும் மீனிலும் இருக்கிறது, அரிசியிலும் பருப்பிலும் கிடையாது. அதைப் போதுமான அளவு தன் உடம்பிலேயே உண்டாக்கிக்கொள்ளப் பூனையால் முடியாது. அது கிடைக்காமல் போனால் கண்ணின் விழித்திரை கொஞ்சம் கொஞ்சமாகக் கெடும், இதயத் தசை தளர்ந்து வீங்கிப் போகும். இதய நோய்க்கும் டாரினுக்கும் உள்ள தொடர்பை 1987இல் அமெரிக்காவில் கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் டேவிஸ் வளாகக் கால்நடை மருத்துவர்கள் கண்டு சொன்னார்கள். அதற்கப்புறம்தான் பாக்கெட்டில் விற்கும் பூனை உணவிலேயே டாரினைக் கூடுதலாகச் சேர்க்க ஆரம்பித்தார்கள். நாய்க்கென்று விற்கும் உணவைப் பூனைக்குப் போட்டு வளர்க்கக் கூடாது என்று சொல்வதற்குக் காரணமும் இதுதான்.

ஒரு தடவை ஒரு பாட்டியம்மா வெள்ளைப் பூனை ஒன்றைச் சேலை முந்தானையில் சுற்றிக்கொண்டு வந்தார். சைவம் சாப்பிடும் குடும்பம். "ராவுல கண்ணு தெரியல போலிருக்குதுங்க சாமி, செவுத்துல முட்டி முட்டி நடக்குது" என்றார். குட்டியிலிருந்து பால் சோறும் பருப்புச் சோறும் மட்டும்தான், ஒரு நாள்கூட வயிறு காயப் போட்டதில்லை என்று பெருமையாகவே சொன்னார். டாக்டர் டார்ச் அடித்துப் பார்த்தார். வெளிச்சம் பட்டும் கண்மணி விரிந்தது விரிந்தபடியே இருந்தது. அந்தப் பார்வை திரும்பி வராது என்று சொல்ல டாக்டர் தயங்கினார், பாட்டியம்மாவோ "எத்தன நாளைக்குச் சொட்டு மருந்து ஊத்தோணுங்க?" என்று கேட்டபடியே இருந்தார். அந்த அம்மாவை நான் குறை சொல்ல மாட்டேன், அவருக்கு யாரும் சொல்லவில்லை. இப்போது சொல்கிறேன்: நீங்கள் சைவமாக இருங்கள், பூனையைச் சைவமாக்காதீர்கள். வீட்டில் இறைச்சி புழங்கக் கூடாது என்றால் டாரின் சேர்த்த பூனை உணவை வாங்கிப் போடுங்கள். அதுவும் ஆகாது என்றால் பூனை வேண்டாம், நம் ஊர்க் கிளியை வளர்க்கவும் சட்டம் இடம் தராது, மீன் தொட்டி வைத்துக்கொள்ளுங்கள்.

பாலைப் பற்றிச் சொன்னால் சண்டைக்கு வருவார்கள், இருந்தாலும் சொல்லியாக வேண்டும். வளர்ந்த பூனைகளில் பலவற்றுக்குப் பசும்பால் செரிக்காது. கழிச்சலோடு வருகிற பூனைக்குப் பாலை நிறுத்தினாலே பல நேரம் கழிச்சல் நின்றுவிடும். குழம்புச் சோறு இன்னும் மோசம். நம் பக்கம் சின்ன வெங்காயம் தட்டிப் போடாமல் எந்தக் குழம்பு கொதிக்கிறது? வெங்காயமும் பூண்டும் பூனை ரத்தத்தின் சிவப்பணுக்களை உடைத்துவிடும், வேக வைத்தாலும் அந்தக் குணம் போகாது. கறி எடுக்கும் நாளில் தாளிப்பதற்கு முன்னாலேயே நாலு துண்டைத் தனியாக வெறும் தண்ணீரில் வேக வைத்து எடுத்து வைத்துவிட்டால் வேலை முடிந்தது.

எங்கள் வீட்டுப் பூனைக்கு பிராய்லர் கடையில் கோழி இதயமும் துண்டுக் கறியும் வாங்குகிறேன். கடைக்காரர் அதைக் கிட்டத்தட்ட சும்மாவே தருகிறார். இதயத்தில் டாரின் நிறைய. வேக வைத்த தண்ணீரோடு சேர்த்து, ஒரு கைப்பிடிக்கும் குறைவான சோற்றைப் பிசைந்து வைப்பேன். நடுநடுவே அவித்த மத்தி, நாமக்கல் முட்டை. கருவாடு கிடையாது, அத்தனையும் உப்பு. ஈரலைப் பூனை உயிரை விட்டுத் தின்னும், ஆனால் வாரம் ஒரு தரம் போதும். தினமும் ஈரலாகவே தின்றால் வைட்டமின் ஏ மிகுந்து கழுத்து எலும்பு இறுகிப்போகும். வெந்த கோழி எலும்பு வேண்டாம், ஊசியாகச் சிலும்பி தொண்டையில் நிற்கும். வீட்டில் சமைத்துப் போடுவதில் எல்லாச் சத்தும் அளவாக அமைவது சிரமம் என்பதால் பாக்கெட் உணவும் கலந்தே கொடுக்கிறேன். நாலு கிலோ எடை உள்ள பூனைக்கு நாளுக்கு 200 முதல் 250 கலோரி போதும். வாசலில் வந்து கத்தும்போதெல்லாம் போட்டால் ஒரே வருஷத்தில் உருண்டுவிடும்.

தண்ணீர் பற்றிக் கொஞ்சம் நீட்டிச் சொல்ல வேண்டும், ஏனென்றால் நான் பார்த்ததில் மனதை விட்டுப் போகாத சாவுகள் இதனால் வந்தவை. வீட்டுப் பூனையின் மூதாதை வறண்ட நிலத்துக் காட்டுப் பூனை. இரையின் உடம்பில் இருக்கும் ஈரத்தைக் கொண்டே காலம் தள்ளியது. எலியின் உடம்பில் மூன்றில் ரெண்டு பங்கு தண்ணீர். பாக்கெட்டில் வரும் காய்ந்த உணவில் பத்தில் ஒரு பங்குதான். அதைத் தின்றுவிட்டு, ஈடுகட்டும் அளவுக்கு ஓடிப்போய்த் தண்ணீர் குடிக்கிற பழக்கம் பல பூனைகளுக்கு இல்லை. மூத்திரம் கெட்டிப்பட்டு, மணல் போன்ற உப்பும் சளியும் சேர்ந்து அடைத்துக்கொள்ளும். பொட்டைப் பூனைக்குக் குழாய் அகலம், தப்பித்துவிடும். கடுவனுக்குக் குழாய் ஊசி முனை அளவுக்குக் குறுகல்.

அடைத்துக்கொண்ட கடுவன் மண்ணைத் தோண்டித் தோண்டி உட்காரும். முக்கும். ஒரு சொட்டும் வராது, அல்லது ரத்தம் கலந்து ஒரு சொட்டு வரும். அந்த இடத்தையே நக்கிக்கொண்டிருக்கும், ஒரு மாதிரி அடித்தொண்டையில் கத்தும். வீட்டில் என்ன நினைப்பார்கள்? வெளிக்கி வரவில்லை என்று நினைப்பார்கள். ஒரு விசைத்தறிக்காரர் மூன்றாம் நாள் தூக்கிக்கொண்டு வந்தார், செம்பட்டை நிறத்தில் கன்னம் தடித்த அழகான கடுவன். ரெண்டு நாளும் விளக்கெண்ணெய் புகட்டியிருக்கிறார், வாயோரமெல்லாம் பிசுபிசுவென்று இருந்தது. அடிவயிற்றில் கை வைத்தேன். மூத்திரப்பை பெரிய எலுமிச்சம்பழம் போல உருண்டு, கல்லாக இருந்தது. காது நுனி சில்லென்று ஆகிவிட்டது. வெளியேற வேண்டிய பொட்டாசியம் ரத்தத்தில் ஏறிவிட்டால் இதயம் நின்றுவிடும் என்று டாக்டர் சொல்லிக்கொண்டே சிறு குழாயைத் தேடினார். குழாய் ஏறுவதற்குள் முடிந்துவிட்டது. அதே மனிதர் ஆட்டுக் கிடாய்க்கு மூத்திர அடைப்பு என்று ஒரு தரம் ராத்திரி டாக்டர் வீட்டுக் கதவையே தட்டியவர். கிடாய்க்கு வருவது பூனைக்கும் வரும் என்று அவருக்குத் தோன்றவில்லை, அவ்வளவுதான்.

ஆகவே கடுவன் பூனை நாள் முழுக்க ஒழுங்காக மூத்திரம் போகவில்லை என்றால் விடியட்டும் என்று இருக்காதீர்கள். அன்றைக்கே ஆஸ்பத்திரி. வராமல் தடுக்க வேண்டுமானால் சோற்றுத் தட்டுக்குப் பக்கத்தில் இல்லாமல் தள்ளி, ரெண்டு மூன்று இடத்தில், வாயகன்ற பாத்திரத்தில் தண்ணீர் வையுங்கள், தினமும் மாற்றுங்கள். மண் சட்டி நல்லது, வெயில் காலத்திலும் குளுமையாக இருக்கும். காய்ந்த உணவு போட்டால் வெந்நீர் ஊற்றி ஊற வைத்து ஆறிய பின் கொடுங்கள்.

அடுத்தது மாத்திரை. பூனையின் சாதாரண உடம்புச் சூடே 100.5 முதல் 102.5 டிகிரி ஃபாரன்ஹீட். நமக்கு 98.6. நம் கைக்கு எந்தப் பூனையைத் தொட்டாலும் காய்ச்சல் அடிப்பது போலத்தான் இருக்கும். கொஞ்சம் சோர்ந்து படுத்திருந்தால் போதும், "மேலு சுடுதுங்க" என்று வீட்டில் இருக்கிற பாராசிட்டமால் மாத்திரையில் காலோ அரையோ உடைத்துத் தேனில் குழைத்து ஊட்டிவிடுவார்கள். பூனையின் ஈரலுக்கு அந்த மருந்தைப் பிரித்து வெளியேற்றும் சக்தி இல்லை. ஒரு முழு மாத்திரை ஒரு பூனையைக் கொல்லப் போதும், அதற்குக் குறைவாகவே செத்தவையும் உண்டு. ஈறு பழுப்பாகும், முகமும் பாதமும் வீங்கும், மூச்சு வாங்கும். முறிவு மருந்து இருக்கிறது, ஆனால் முதல் சில மணி நேரத்துக்குள் வந்தால்தான் பலன். கால் மாத்திரை கொடுத்திருந்தாலும் மறைக்காமல் டாக்டரிடம் சொல்லிவிடுங்கள். திட்டுவார் என்று பயந்து மறைத்தவர்களால் போன உயிரும் இருக்கிறது. நமக்கு எழுதிக் கொடுத்த வலி மாத்திரை எதுவுமே பூனைக்கு ஆகாது.

என் துறையோடு சேர்ந்த இன்னொரு அநியாயம், மாட்டு உண்ணிக்கு அடிக்கும் மருந்தைப் பூனைக்கும் தடவுவது. "மாட்டுக்குப் போக மீதி கொஞ்சம் இருந்துச்சுங்க, தெள்ளுக் கடிக்குதேன்னு தடவி உட்டேன்." அந்த மருந்துகளில் பல பைரித்ராய்டு என்கிற பூச்சிக்கொல்லி வகை. நாய்க்கு முதுகில் விடும் சொட்டு மருந்துகள் சிலவற்றிலும் அதே வகையைச் சேர்ந்த பெர்மெத்ரின் இருக்கிறது. நாய் தாங்கும், பூனை தாங்காது. காது துடிக்க ஆரம்பித்து உடம்பெல்லாம் நடுங்கி வலிப்பில் போய் நிற்கும். தடவிவிட்டீர்கள் என்றால் வெதுவெதுப்பான தண்ணீரில் பாத்திரம் கழுவும் சோப்பைப் போட்டுக் கழுவி, ஈரத்தைத் துடைத்துத் துணியில் சுற்றிக்கொண்டு ஓடி வாருங்கள். பூனைக்கென்றே எழுதியிருக்கும் மருந்துதான் பூனைக்கு.

எலி மருந்து பற்றி ரெண்டு வரி. கிட்டங்கியில் பூனையும் வேண்டும், எலிக்கு விஷக் கட்டியும் வேண்டும் என்றால் நடக்காது. விஷம் தின்று தள்ளாடும் எலிதான் பூனை கையில் முதலில் சிக்கும். ரத்தம் உறையாமல் செய்யும் வகை மருந்தாக இருந்தால் சில நாள் கழித்துத்தான் மூக்கிலும் ஈறிலும் ரத்தம் கசியும். டாக்டரிடம் வைட்டமின் கே ஊசி உண்டு, மருந்து அட்டையையும் கையோடு எடுத்து வாருங்கள். மூலனூர், தாராபுரம் பக்கம் கண்வலிக்கிழங்கு போட்டிருப்பவர்கள் விதை காயப் போட்ட களத்திலும் கிழங்கு அடுக்கிய அறையிலும் பூனையைப் படுக்க விட வேண்டாம். அந்த விதைக்கு விலை தருவதே அதில் இருக்கும் கோல்ச்சிசின்தான், அது கொடிய விஷம். பூனை தன் உடம்பில் ஒட்டியதையெல்லாம் நக்கியே சுத்தம் செய்கிற பிராணி. கல்யாண மண்டபத்திலிருந்து வீட்டுக்கு வரும் பூங்கொத்தையும் பார்த்துக்கொள்ளுங்கள். ஊட்டி, கோத்தகிரிப் பக்கம் பசுமைக் குடிலில் வளர்த்து அனுப்பும் லில்லியம் பூவின் மகரந்தம் உடம்பில் ஒட்டி, அதை நக்கினாலே பூனையின் சிறுநீரகம் போய்விடும்.

தடுப்பூசிக்கு வருகிறேன். குட்டிக்கு எட்டு வாரம் ஆனதும் மூன்று நோய்க்குச் சேர்த்து ஒரே ஊசி, மூன்று நாலு வாரம் கழித்து மறுபடி, பிறகு டாக்டர் சொல்லும் கணக்குப்படி. அந்த மூன்றில் பான்லூக்கோபீனியா என்கிற நோய் வாந்தியும் கழிச்சலுமாக வந்து ஒரு ஈத்துக் குட்டிகளை அப்படியே வாரிக்கொண்டு போய்விடும். கிருமி தரையில் ஒரு வருஷம்கூட உயிரோடு கிடக்கும். அப்படிக் குட்டிகள் செத்த வீட்டில், ப்ளீச்சிங் பவுடர் கரைத்துக் கழுவாமல், ஊசி போடாத இன்னொரு குட்டியைக் கொண்டுவந்தால் அதுவும் போகும். "எங்க ஊட்டுக்குப் பூனை ராசி இல்லீங்க" என்பார்கள். ராசிக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. மூன்று மாதத்தில் வெறிநோய்த் தடுப்பூசி, பிறகு வருஷா வருஷம். ஜூலை 6 (விலங்குவழி நோய்கள் தினம்), செப்டம்பர் 28 (உலக வெறிநோய் தினம்) தேதிகளையொட்டிப் பல இடங்களில் இலவச முகாம் நடக்கும், நாய்க்கு என்று போர்டில் எழுதியிருந்தாலும் பூனையையும் கொண்டு வாருங்கள்.

வெறிநோய் நாயோடு நிற்பதில்லை, பூனைக்கும் வரும், பூனை கடித்தும் வரும். கடியோ ரத்தம் வந்த பிராண்டலோ, குழாயைத் திறந்து விட்டு சோப்புப் போட்டுப் பதினைந்து நிமிஷம் கழுவ வேண்டும். அன்றே அரசு ஆஸ்பத்திரிக்குப் போனால் இலவசமாக ஊசி போடுவார்கள், முதல் நாள், பிறகு 3, 7, 28ஆம் நாட்கள். வெறிநோய்த் தடுப்புக்குப் பேர்போன பாஸ்டர் நிலையம் 1907 முதல் நம் தலைக்கு மேலேயே குன்னூரில் இருக்கிறது. அந்த மலையடிவாரத்தில் குடியிருந்துகொண்டு கடிவாயில் மஞ்சளும் சுண்ணாம்பும் குழைத்துப் பூசுகிறோம்.

வீட்டுக்குள்ளேயே வைத்து வளர்ப்பவர்களுக்கு வெளிக்கிருக்க ஒரு தட்டு வேண்டும். கடையில் விற்கும் மண் வாங்கிக் கட்டுப்படியாகாது. எனக்குத் தேங்காய் மட்டை மில்லில் கிடைக்கும் நார்த்தூள் போதுமாக இருக்கிறது. தண்ணீர் விட்டு அலசி, நல்ல வெயிலில் காயப் போட்டுப் பழைய பிளாஸ்டிக் தொட்டியில் நாலு விரல் உயரத்துக்குப் போட்டால் ஈரத்தையும் நாற்றத்தையும் இழுத்துக்கொள்கிறது. கட்டியைத் தினமும் அள்ள வேண்டும். அள்ளாவிட்டால் அது கட்டிலுக்கு அடியில் போய் இருக்கும், அப்புறம் பூனையை அடித்துப் பயன் இல்லை.

இந்தத் தட்டு விஷயத்தில்தான் எங்கள் வீட்டில் ஒரு பஞ்சாயத்தே நடந்தது. மகள் உண்டானதும் சம்பந்தியம்மா வந்து, "பூனை முடி வயித்துப் புள்ளைக்கு ஆகாதுங்க, எங்காச்சும் அக்கட்டால கொண்டுபோயி உட்ருங்க" என்றார். டாக்ஸோபிளாஸ்மா என்று ஒரு கிருமி இருப்பதும், அது கர்ப்பத்தில் இருக்கும் பிள்ளையைத் தாக்கக்கூடியது என்பதும் உண்மை. ஆனால் அது முடியில் இல்லை, மலத்தில். மலத்தோடு வந்த உடனேயும் தொற்றாது, குறைந்தது ஒரு நாள் ஆக வேண்டும். தினமும் தட்டை அள்ளிவிட்டால், அதையும் கர்ப்பிணி அல்லாமல் வேறு யாராவது செய்தால், பயமில்லை. அரைவேக்காட்டுக் கறியும் கழுவாத கீரையும்தான் அதைவிட முக்கியமாகப் பார்க்க வேண்டியவை. மகளுக்கு வைத்தியம் பார்த்த டாக்டரம்மாவும் இதையே சொன்னார்கள். சம்பந்தியம்மாவுக்கு அரை மனதுதான். பிள்ளை நல்லபடியாகப் பிறந்து, இப்போது பூனை வாலைப் பிடித்து இழுக்கிற வயசு. தட்டு அள்ளுகிற வேலை மட்டும் அன்றைக்கு என் தலையில் விழுந்தது, இன்றுவரை இறங்கவில்லை.

குளிப்பாட்டத் தேவையில்லை. முடி நீளமான சாதி என்றால் சீப்பால் வாருங்கள், நம் நாட்டுப் பூனைக்கு அதுவும் எப்போதாவது போதும். வேலியோரக் குப்பைமேனியைப் பிடுங்கி வேரோடு போட்டால் சில பூனைகள் அதன் மேல் புரளுகிற கூத்தை வீட்டுப் பிள்ளைகளுக்குக் காட்டலாம், செலவில்லாத விளையாட்டு.

இனி அந்த வாசகரின் தொல்லைக்கு வருகிறேன். பொட்டைக் குட்டி நாலு, அஞ்சு மாதத்திலேயே பருவத்துக்கு வந்துவிடும். சினை 63 முதல் 65 நாள். குட்டிகள் பால் குடித்துக்கொண்டிருக்கும்போதே மறுபடியும் சினைப்படும். வருஷத்துக்கு ரெண்டு மூன்று ஈத்து, ஈத்துக்கு மூன்று நாலு குட்டி. முதல் ஈத்துக் குட்டிகளைச் சொந்தக்காரர்களுக்குக் கொடுப்பார்கள். ரெண்டாவது ஈத்துக்குக் கேட்பார் இல்லை. மூன்றாவது ஈத்து கண் திறப்பதற்குள் யூரியாச் சாக்கில் ஏறிவிடும். பொழுதோடு ஸ்கூட்டரில் கொண்டுபோய் இட்டேரியிலோ சந்தை மேட்டிலோ வாய்க்கால் கரையிலோ அவிழ்த்து விடுவார்கள். அதிலும் பொட்டையாகப் பார்த்துப் பொறுக்கி விடுவார்கள், கடுவனை வைத்துக்கொள்வார்கள். ஊரில் எல்லோரும் இதையே செய்தால் தெருவில் எது மிஞ்சும், அது என்ன செய்யும் என்று கணக்குப் போட்டுப் பாருங்கள்.

இது பாவம் மட்டுமல்ல, குற்றமும்தான். பட்டினியாலும் தாகத்தாலும் தவிக்கும்படி ஒரு பிராணியைக் கைவிடுவது 1960ஆம் ஆண்டின் மிருகவதைத் தடுப்புச் சட்டம் 11ஆம் பிரிவின்படி தண்டனைக்குரியது. முதல் தடவைக்கு அபராதம் பத்து ரூபாய்க்குக் குறையாமல், ஐம்பது ரூபாய்க்கு மேற்படாமல். சின்ன வெங்காயம் விலை ஏறுகிற நாளில் ஒரு கிலோவுக்குப் பத்தாத தொகை. எனவே சட்டத்தைக் காட்டி மிரட்ட எனக்கும் வாய் வரவில்லை.

வழி ஒன்றுதான், கருத்தடை ஆபரேஷன். அஞ்சு, ஆறு மாதத்தில் செய்துவிடலாம். "ஒரு ஈத்தாச்சும் போடட்டுங்க, பாவம்" என்று சொல்லாதவர்கள் குறைவு. ஒரு ஈத்து போடுவதால் பொட்டைக்கு ஒரு நன்மையும் இல்லை. முதல் பருவத்துக்கு முன்பே செய்தால் மார்புக் கட்டி வரும் வாய்ப்பு வெகுவாகக் குறைகிறது. கடுவனுக்குச் செய்தால் ராத்திரிச் சண்டையும் ஊர் சுற்றலும் கதவு மூலையில் பீய்ச்சி வைக்கும் நாற்றமும் பெரும்பாலும் நின்றுவிடும். கடிபட்டுச் சீழ்பிடித்து வருகிற பூனைகளில் நான் பிடித்துக்கொண்டு நின்றவை முக்கால்வாசி ஆபரேஷன் ஆகாத கடுவன்கள். தையலை நக்காமல் இருக்கக் கழுத்தில் மாட்டும் புனல் கிடைக்காவிட்டால், திருப்பூர் பனியன் ஒன்றின் கையை வெட்டி, நாலு காலுக்கு நாலு ஓட்டை போட்டு மாட்டிவிடுங்கள். முதல் நாள் மரம் மாதிரி நிற்கும், மறுநாள் மறந்துவிடும். ஆபரேஷனுக்குப் பிறகு சோற்றைக் கொஞ்சம் குறைக்க வேண்டும், இல்லாவிட்டால் உடம்பு பெருத்துவிடும்.

இதை எங்கே செய்வது என்பதுதான் கேள்வி. பெரிய ஊர்களில் தனியார் டாக்டர்கள் இருக்கிறார்கள். கிராமத்து ஆளுக்குப் பூனைக்காக அவ்வளவு செலவு செய்ய மனம் வராது, வர வேண்டும் என்று நானும் வற்புறுத்த மாட்டேன். தாலுகா மாட்டாஸ்பத்திரிதான் அவர் கால் பழகிய இடம். காலை நேரம் சினை ஊசிக்கு வந்த மாடும் கயிற்றை இழுத்துக் குரைக்கும் நாயுமாக இருக்கும் வாசலுக்குப் பூனையைக் கொண்டுவந்தால் அது கையைக் கிழித்துக்கொண்டு புளியமரத்தில் ஏறிவிடும். ஏறியதை நானே இறக்கியிருக்கிறேன். அதனால் வாரத்தில் ஒரு மத்தியானம், சந்தை இல்லாத கிழமையாகப் பார்த்து, பூனைக்கு மட்டும் என்று ஒதுக்கச் சொல்லி அரசைக் கேட்டுக்கொள்கிறேன். அன்றைக்குத் தடுப்பூசி, குடற்புழு மருந்து, முன்பதிவு செய்தவர்களுக்குக் கருத்தடை. நாமக்கல்லிலும் உடுமலையிலும் கால்நடை மருத்துவக் கல்லூரிகள் இருக்கின்றன, படிக்கும் பிள்ளைகளை மேற்பார்வைக்கு ஆசிரியரோடு அனுப்பினால் அவர்களுக்கும் கை பழகும். பூனையைப் பிடித்து மலையில் விட வண்டிக்கும் ஆளுக்கும் செலவழிப்பதற்குப் பதிலாக நகராட்சி அதே பணத்தை இதற்குக் கொடுத்து, ஆபரேஷன் முடிந்த தெருப் பூனையைப் பிடித்த இடத்திலேயே விடட்டும். அந்த வாசகரின் மதில் மேல் சத்தம் குறையும்.

தங்கள் நாளிதழின் விவசாயப் பக்கத்தில் கறவை மாடு, வெள்ளாடு, நாட்டுக்கோழி எல்லாம் வருகின்றன. மாதம் ஒரு தடவை கால் பத்தி பூனைக்கும் கொடுங்கள். ஒரு கால்நடை டாக்டரிடம் கேட்டுப் போட்டால் என்னைப் போன்றவர்கள் இவ்வளவு நீளமாக எழுத வேண்டியிருக்காது.

அதுவரை ஆஸ்பத்திரிக்கு வர நினைப்பவர்களுக்கு ஒரு யோசனை. சாக்கில் கட்டி வர வேண்டாம், மூச்சு முட்டும், அவிழ்த்ததும் பாயும். கூண்டு வாங்கக் காசு போட வேண்டியதில்லை. தக்காளி மண்டியில் கிடைக்கும் பிளாஸ்டிக் கிரேட் ரெண்டை எடுத்து, அடியில் ஒன்றைப் பழைய துணி விரித்து வைத்து, மேலே ஒன்றைக் கவிழ்த்து, நாலு பக்கமும் சணல் கயிற்றால் இறுக்கிக் கட்டுங்கள். ரெண்டு நாள் முன்னாலேயே வீட்டில் திறந்து வைத்து உள்ளே சோறு வைத்தால் தானாகவே போய்ப் படுக்கும். வரும்போது மேலே துண்டைப் போட்டு மூடுங்கள், கண்ணுக்கு எதுவும் தெரியாவிட்டால் கத்தாது. வண்டியில் ரெண்டு பேராக வந்து, பின்னால் இருப்பவர் மடியில் வைத்துக்கொள்வது நல்லது. ஆபரேஷனுக்கு என்றால் முந்தின நாள் ராத்திரி எத்தனை மணிக்குச் சோற்றை நிறுத்த வேண்டும் என்று டாக்டரிடம் கேட்டுக்கொள்ளுங்கள், குட்டிக்கும் பெரிய பூனைக்கும் அது மாறும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற கால்நடை பராமரிப்பு உதவியாளர் ஒருவர்,
தாராபுரம் வட்டம், திருப்பூர் மாவட்டம்.